ஒரு சாலை, இருநூறு ஹெக்டேர்

பத்துக் கிலோமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர், சதுரமாக ஒரு காடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10,000 ஹெக்டேர். அதன் நட்டநடுவே பத்து மீட்டர் அகலத்தில் ஒரு சாலை போடுகிறார்கள். திட்ட அறிக்கையில் காடிழப்பு 10 ஹெக்டேர் என்று இருக்கும். மொத்தப் பரப்பில் 0.1 சதவீதம். கூட்டல் பெருக்கலில் பிழையே இல்லை.

இனி வேறு விதமாகக் கணக்குப் போடுவோம். காட்டின் ஓரத்திலிருந்து நூறு மீட்டர் உள்ளே வரை வெயில், காற்று, வறட்சியின் பாதிப்பு எட்டும் என்று கொள்ளலாம். இது குறைத்துச் சொன்ன அளவுதான். ஏன் என்பது பின்னால் வரும். சாலை வருவதற்கு முன் இந்தக் காட்டின் உட்பகுதி, அதாவது எந்த ஓரத்திலிருந்தும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பகுதி, 9.8 × 9.8 = 96.04 சதுர கிலோமீட்டர். சாலை வந்ததும் அதன் இரு பக்கமும் நூறு நூறு மீட்டருக்குப் புது ஓரம் உண்டாகிறது. சாலையையும் சேர்த்தால் 210 மீட்டர் அகலம், 9.8 கிலோமீட்டர் நீளம். உட்காட்டிலிருந்து கழியும் பரப்பு 206 ஹெக்டேர். அறிக்கை சொன்னதைவிட இருபது மடங்கு அதிகம். அதுவும் பத்து ஹெக்டேருக்கு வெளியே ஒரு மரத்தைக்கூட வெட்டாமல்.

அடுத்து மின்கோபுர வரிசை வரும். பிறகு கால்வாய், ரயில் பாதை, குழாய் வழி. ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி 0.1 சதவீதம். முந்தைய கோப்பைப் புரட்டிப் பார்த்து இரண்டையும் கூட்ட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. காடு துண்டாவதில் பாதிக் கதை இந்த அலுவலகப் பழக்கம்தான் என்பது என் கருத்து.

காடு ஒரே நாளில் உடைவதில்லை. முதலில் உள்ளே பொத்தல் விழுகிறது: ஒரு குவாரி, ஒரு குடியிருப்பு, ஓர் அணைக்கட்டு வேலைக்கான முகாம். அந்தப் பொத்தலுக்குப் போகப் பாதை வேண்டும், அது காட்டை வகிர்கிறது. வகிர்ந்த கோட்டின் இரு பக்கமும் வெட்டு அகலமாகிக்கொண்டே போய், நடுவில் மிஞ்சியவை துண்டுகளாகின்றன. துண்டுகள் ஓரம் கரைந்து சுருங்குகின்றன. கடைசியில் சின்னத் துண்டுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. கடைசிக் கட்டத்தில் துண்டுகளின் எண்ணிக்கை குறைவதைக் கண்டு சிலர் நிலைமை தேறிவிட்டதாக எழுதுவதும் உண்டு. துண்டுகள் ஒன்றுசேர்ந்தும் எண்ணிக்கை குறையலாம், செத்தும் குறையலாம். மொத்தப் பரப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது நடந்தது என்று தெரியும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் காடிஸ் என்றொரு பகுதி இருக்கிறது. ஆறு மைலுக்கு ஆறு மைல். தாவரவியலாளர் ஜான் கர்டிஸ் 1956இல் அதன் நான்கு வரைபடங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டினார்: 1831, 1882, 1902, 1950. காட்டைக் கறுப்பில் தீட்டிய படங்கள். முதல் படம் ஏறக்குறைய முழுக் கறுப்பு, கடைசிப் படத்தில் தாளில் மை தெறித்ததுபோல் சில புள்ளிகள். இடையில் எந்தத் தனி ஆண்டிலும் அங்கே காடு அழிந்துவிட்டது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. ஒரு மனிதர் தன் ஆயுளில் அந்த நான்கு படங்களில் மூன்றைப் பார்த்திருந்தால் அதிகம்.

எதை முதலில் வெட்டுவார்கள் என்பதும் முக்கியம். சமதளம், ஆழமான மண், தண்ணீர் அருகே இருக்கும் இடம், இவைதான் முதலில் போகும். மிஞ்சுவது செங்குத்துச் சரிவு, பாறை, மண் மெலிந்த மேடு. ஆகவே பாதிக் காடு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லும்போது, எந்தப் பாதி என்று கேட்க வேண்டும். வளமான தாழ்நிலக் காட்டில் மட்டும் வாழும் உயிர்களுக்கு அந்தப் பாதி ஒன்றுமே இல்லாததற்குச் சமமாக இருக்கலாம்.

சாலையின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமேசானில் நடந்த காடழிப்பில் சுமார் 95 சதவீதம், சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ, படகு போகும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோதான் நடந்திருக்கிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வின்படி, அனுமதி பெற்ற சாலை ஒரு கிலோமீட்டர் இருந்தால், அனுமதியில்லாத பாதைகள் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் இருந்தன. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் பி.ஆர். 364 நெடுஞ்சாலைக்கு 1984இல் தார் போட்டார்கள். அதிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கிளைச்சாலைகள் இருபுறமும் நீண்டன. வானிலிருந்து பார்த்தால் மீன்முள். குடியேறியவர் ஒவ்வொருவருக்கும் சாலையைத் தொட்டாற்போல் ஒரு மனை. சாலை முகப்பிலிருந்து பின்னோக்கி வெட்டிக்கொண்டே போனார்கள். இரண்டு முள்ளுக்கு நடுவே, இரு பக்க மனைகளின் பின்கோடியில், ஒரு நீளப் பட்டையாகக் காடு மிஞ்சியது. ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பட்டை மெலிந்தது.

மெலிந்த பட்டையின் ஆபத்தைக் கணக்கே சொல்லிவிடும். 100 ஹெக்டேர் காடு ஒரு கிலோமீட்டர் சதுரமாக இருந்தால், நூறு மீட்டர் ஓரத்தைக் கழித்த பின் 64 ஹெக்டேர் உட்காடு இருக்கும். அதே 100 ஹெக்டேர், இரண்டு கிலோமீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமுமாக இருந்தால் 54 ஹெக்டேர். ஐந்து கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமுமாக இருந்தால் பூஜ்யம். பரப்பு மாறவில்லை, மரம் குறையவில்லை, உட்காடு மட்டும் அடியோடு இல்லை. பத்து ஹெக்டேர் சதுரத் துண்டில் ஒன்றேகால் ஹெக்டேருக்குச் சற்று மேலே தேறும். ஒரு ஹெக்டேர் துண்டு முழுக்க ஓரமே.

உலகில் மிஞ்சியிருக்கும் காட்டில் 70 சதவீதம் ஏதோ ஓர் ஓரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதாக 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆற அமர நடந்தாலும் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்.

உடைவதற்கு ஒரு திருப்புமுனையும் உண்டு. கட்டம் போட்ட தாள் ஒன்றில் எல்லாக் கட்டத்தையும் பச்சையாக்கிக்கொண்டு, கண்ணை மூடித் தொட்ட கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போங்கள். பத்து, இருபது, முப்பது சதவீதம் அழிந்தும் தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பச்சைக் கட்டங்கள் வழியாகவே போக முடியும். பச்சை சுமார் 59 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அந்த வழி திடீரென்று அறுந்துவிடும். (நான்கு பக்கம் மட்டும் ஒட்டியிருப்பதைத் தொடர்ச்சி என்று கொள்ளும் கணக்கு இது, மூலைவழியும் போகலாம் என்றால் எண் இன்னும் கீழிறங்கும்.) நிஜக் காட்டை யாரும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை, ஆகவே 59 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது வளைகோட்டின் போக்கை: வெகுகாலம் ஒன்றுமே ஆகாததுபோல் இருக்கும், பிறகு மளமளவென்று சரியும். வெப்பமண்டலக் காடுகளை 13 கோடிக்கு மேற்பட்ட துண்டுகளாக எண்ணிய 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று, மூன்று கண்டங்களிலும் துண்டுகளின் அளவுகள் இப்படிப்பட்ட திருப்புமுனைக்கு அருகே இருப்பதுபோல் அமைந்திருப்பதாகச் சொன்னது.

இனி, வெட்டிய ஓரத்தில் என்ன நடக்கிறது?

இதைச் சோதனையாகவே செய்து பார்த்த இடம் பிரேசிலின் மனௌஸ் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர் அதில் பாதியைக் காடாக விட வேண்டும் என்று அன்றைய பிரேசில் சட்டம் சொன்னது. மாட்டுப் பண்ணைக்காக எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். விடப்போகும் காட்டை நாங்கள் சொல்லும் அளவில் விடுங்கள் என்று கேட்டார் அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய். 1979இல் தொடங்கிய அந்த வேலை இன்றும் நடக்கிறது. ஒரு ஹெக்டேரில் ஐந்து துண்டுகள், பத்து ஹெக்டேரில் நான்கு, நூறு ஹெக்டேரில் இரண்டு. வெட்டுவதற்கு முன்பே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எண்ணிவைத்துவிட்டார்கள். காடு துண்டாவதைப் பற்றிய மற்ற ஆய்வுகள் பெரும்பாலும் வெட்டிய பிறகு போய்ப் பார்த்தவை. இங்கே வெட்டுவதற்கு முந்தைய கணக்கு கையில் இருக்கிறது என்பதுதான் இதன் பலம்.

அடர்காட்டுக்குள் வெயில் மேலிருந்து மட்டும் வரும், அதுவும் வடிகட்டித் துளித்துளியாக. ஓரம் வெட்டியதும் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் நுழைகிறது. நிழலுக்கே பழகிய மெல்லிய இலைகள் கருகுகின்றன. காற்றின் ஈரப்பதம் குறைகிறது, மரங்கள் இலையை உதிர்க்கின்றன, தரையில் சருகு தடிமனாகிறது. சருகு மெத்தை நல்லதுதானே என்று தோன்றும். விதைக்கு அது நல்லதில்லை. மேலே விழும் விதை ஈரமண்ணைத் தொடாமல் சருகுக்கு நடுவே தொங்கிக் காய்கிறது. ஹெலிகோனியாச் செடியின் விதைகளை எண்ணி இட்டுப் பார்த்ததில், தொடர்காட்டைவிடத் துண்டுக்காட்டில் முளைத்தவை பல மடங்கு குறைவு.

பெரிய மரங்கள்தான் முதலில் பலியாகின்றன. உயரத்தில் நிற்கும் தலைக்குக் காற்று மோதுகிறது. விறைப்பான தடித்த அடிமரம் வளைந்து கொடுக்காது. வேர் ஆழம் போகாத மண் என்றால் தூரோடு சாய்கிறது, இல்லையென்றால் நடுவில் முறிகிறது. விழும்போது கொடிகள் பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டு வருகின்றன. திறந்த வெளிச்சத்தில் கொடிகள் இன்னும் செழித்து அடுத்த மரத்தின்மேல் ஏறுகின்றன. மனௌஸ் துண்டுகளில் ஓரத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த பெருமரங்கள், உட்காட்டில் இருந்தவற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் செத்தன. ஓரத்தின் நூறு மீட்டருக்குள் 10 முதல் 17 ஆண்டுகளில் உயிர்ப்பொருள் எடையில் 36 சதவீதம் வரை போனது. வில்லியம் லாரன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் மரம் மரமாக அளந்து கண்டவை இவை. அவர்களின் 300 மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால், நம் பத்து மீட்டர் சாலை 206 ஹெக்டேரோடு நிற்காது. 570 ஹெக்டேருக்கு மேல் போகும்.

தீ இதைவிட உள்ளே போகும். ஈரக்காட்டுத் தரையில் சாதாரணமாகத் தீப்பற்றாது. உலர்ந்த ஓரத்தில், பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் புல்லுக்கு வைத்த நெருப்பு சருகில் ஊர்ந்து உள்ளே வரும். முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தச் சின்னத் தீக்குப் பட்டை மெல்லிய மரங்கள் சில மாதம் கழித்துச் சாகும். செத்த மரங்கள் விழுந்து வெளிச்சம் கூடும், அடுத்த தீக்கு விறகு சேரும். கிழக்கு அமேசானில் ஓரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வரை தீ அடிக்கடி விழுந்தது.

விலங்குகளின் கதையில் ஒன்றோடொன்று கோத்த கண்ணிகள் இருக்கின்றன. மனௌஸில் பெக்கரி என்னும் காட்டுப்பன்றி போன்ற விலங்குகள் சிறு துண்டுகளை விட்டு வெளியேறின. கூட்டமாக நெடுந்தூரம் அலைபவை அவை, பத்து ஹெக்டேர் எந்த மூலைக்குக் காணும்? அவை போனதும் அவை புரண்டு சேறாக்கிய குட்டைகள் வற்றின. அந்தக் குட்டைகளில் மட்டும் முட்டையிட்ட தவளைகளும் காணாமற்போயின. தவளைக்குத் தேவைப்பட்ட பரப்பு சொற்பம். பன்றி புரள்வதற்குத் தேவைப்பட்ட பரப்புதான் பெரிது. படையெறும்புக் கூட்டம் ஒன்றுக்குச் சுமார் 30 ஹெக்டேர் வேண்டும். எறும்புப் படை கிளப்பும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பறவைகள், எறும்பு போன துண்டுகளை விட்டுப் போய்விட்டன. சாணவண்டுகள் குறைந்தன, சாணம் மக்க அதிக நாள் பிடித்தது, அதோடு புதைய வேண்டிய விதைகள் மேலேயே கிடந்தன.

பறக்கிற பறவைக்கு இடைவெளி ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்கு: அடிக்காட்டில் வாழும் பூச்சியுண்ணிப் பறவைகள் பல, 30 முதல் 40 மீட்டர் அகலமுள்ள வெட்டவெளிச் சாலையைக் கடக்கத் தயங்குகின்றன. இறக்கையால் முடியாதது இல்லை. வெளிச்சத்துக்குள் வரமாட்டா.

ஆய்வுக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. வெட்டி முடித்த சில மாதங்களில் துண்டுக்குள் வலை கட்டினால், முன்பைவிட அதிகப் பறவைகள் சிக்கும். சுற்றிலும் காட்டை இழந்தவை எல்லாம் அங்கே ஒதுங்கியிருக்கும். அகதி முகாமில் கூட்டம் அதிகம் என்று ஊர் செழிப்பாக இருப்பதாக எழுத முடியாது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எண்ணிக்கை குப்புற விழும். திட்டம் முடிந்த கையோடு எடுத்த கணக்கை ஆதாரமாகக் காட்டினால் அதை அப்படியே ஒதுக்கிவைத்துவிடலாம்.

குப்புற விழுவதற்கு எவ்வளவு காலம் ஆகும்? மனௌஸ் பறவைத் தரவுகளிலிருந்து போட்ட கணக்கில், நூறு ஹெக்டேர் துண்டு தன் அடிக்காட்டுப் பறவை இனங்களில் பாதியைப் பதினைந்து ஆண்டுக்குள் இழக்கிறது. தாய்லாந்தின் சியோ லான் நீர்த்தேக்கம் 1980களின் பிற்பாதியில் நிரம்பியபோது மலையுச்சிகள் நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளாயின. பத்து ஹெக்டேருக்கும் குறைந்த தீவுகளில் சிறு பாலூட்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஐந்தாண்டு சுமாரில் போய்விட்டன. அதைவிடப் பெரிய தீவுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் கிடைத்தது, முடிவு ஒன்றுதான். காலியான இடத்தை, காட்டுக்குரியதல்லாத ஓர் எலி இனம் பிடித்துக்கொண்டது. பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றை மறித்தபோது உண்டான பாரோ கொலராடோ தீவு சுமார் 1,500 ஹெக்டேர், 1923 முதல் பாதுகாக்கப்பட்ட ஆய்விடம். வேட்டை இல்லை, வெட்டு இல்லை. அப்படியும் 60க்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே அற்றுப்போயின.

வெனிசுவேலாவின் குரி நீர்த்தேக்கத் தீவுகளில் நடந்தது தலைகீழ். சிறு தீவுகளில் ஜாகுவார், பூமா, பெருங்கழுகு எதுவும் மிஞ்சவில்லை. இலைவெட்டி எறும்பும் உடும்பு போன்ற இகுவானாவும் ஊளைக்குரங்கும் பெருநிலத்தைவிடப் பத்து முதல் நூறு மடங்கு நெருக்கத்தில் பெருகின. முளைத்த கன்றையெல்லாம் தின்று தீர்த்தன. ஜான் டெர்போர்க் குழு பார்த்தபோது மேலே பெரிய மரங்கள் பசுமையாக நின்றன, கீழே அவற்றின் வாரிசுகள் இல்லை. வெளியிலிருந்து புகைப்படம் எடுத்தால் அழகான காடு.

இப்படி இன்று நிற்பதும் நாளை இருக்கப்போவதில்லை என்ற நிலைக்கு அழிவுக்கடன் என்று பெயர். நூற்றுக்கணக்கான ஆண்டு வாழும் மரம் விதை பரப்பும் பறவையை இழந்த அன்றே முடிந்துபோன கதை, ஆனால் பட்டுப்போக இன்னும் பல தலைமுறை ஆகலாம். கடன்காரன் வாசலில் நிற்கவில்லை என்பதற்காகக் கடனே இல்லை என்று ஆகிவிடாது.

உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வதால் வரும் கேடு தனிக் கட்டுரைக்குரியது. ஒரு எடுத்துக்காட்டு போதும்: அமெரிக்காவின் ஃபுளோரிடா பூமாக்கள் 20, 30 என்று சுருங்கி, வால் முறுக்கிக்கொண்டும் இதயக் கோளாறோடும் பிறந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. மனிதர்கள் லாரியில் ஏற்றி இறக்கிய அந்த எட்டு, இயல்பான வழித்தடம் இருந்திருந்தால் தாமாக நடந்து வந்திருக்கும்.

ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். கனடாவின் சூழலியலாளர் லெனோர் ஃபாரிக், வாழிடம் குறைவதையும் அது துண்டாவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வெகுகாலமாக வாதிடுகிறார். மொத்தப் பரப்பு ஒன்றே என்றால், பல துண்டுகளாக இருப்பதால் வரும் விளைவு சிறிதுதான், சில சமயம் நன்மைகூட உண்டு என்பது அவர் வாதம். இதில் சாரம் இருக்கிறது. துண்டாவது கேடு என்ற எதிர்வாதத்தையே சாக்காக வைத்து, சிறு துண்டுகளால் பயனில்லை என்று தூக்கியெறிகிறவர்கள் உண்டு. பல சிறு துண்டுகள் சேர்ந்து ஒரு பெருந்துண்டைவிட அதிக இனங்களை வைத்திருப்பதும் உண்டு. ஆனால் களத்தில் பரப்பு குறையாமல் துண்டாவது என்ற ஒன்றை யாரும் காண்பதில்லை. சாலைதான் பரப்பிழப்பையும் கொண்டுவருகிறது. கணிதத்தில் பிரிக்கலாம், கோப்பில் பிரித்தால் திட்டக்காரருக்குத்தான் வசதி.

அளக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காட்டுப்பரப்பு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். 30 மீட்டர் கட்டமுள்ள செயற்கைக்கோள் படத்தில் பத்து மீட்டர் சாலை, மேலே கிளைகள் கூடியிருந்தால், தெரியவே தெரியாது. ரப்பர், எண்ணெய்ப்பனை, யூகலிப்டஸ் தோட்டங்கள் காடாகவே எண்ணப்பட்டிருக்கும். ஆகவே சாலை, மின்தடம், கால்வாய் வரைபடத்தைத் தனியாக எடுத்துக் காட்டின்மேல் பதித்து வெட்டிய பிறகே துண்டுகளைக் கணக்கிட வேண்டும். பிறகு எளிய ஓர் அளவை: ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுக்கவும். யோகன் யேகர் 2000ஆம் ஆண்டு முன்வைத்த கண்ணியளவு (வலையின் கண்ணி எவ்வளவு பெரிது என்பதுபோல்) இது. 100 சதுர கிலோமீட்டர் ஒரே துண்டாக இருந்தால் விடை 100. நடுவே சாலை போய் 50, 50 ஆனால் விடை 50. நான்காகப் பிளந்தால் 25. அதே சாலை ஓரத்தை ஒட்டிப் போய் 5, 95 எனப் பிரித்தால் 90.5. சாலையின் நீளமோ அகலமோ பெரிதாக மாறவில்லை. கோடு எங்கே விழுந்தது என்பதில்தான் 40 எண் வித்தியாசம். திட்டம் தீட்டும் மேசையிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். பிறகு கோடிக்கணக்கில் பாலம் கட்டுவதைவிட மலிவு.

பாலமே கட்ட வேண்டியிருந்தால், கட்டும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவை ஊடறுக்கும் நெடுஞ்சாலையில் ஆறு மேம்பாலங்களும் 38 அடிப்பாதைகளும் விலங்குகளுக்காக இருக்கின்றன. பெருவிலங்குகள் வண்டியில் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதில் பாதிப் பெருமை பாலத்துக்கில்லை, 2.4 மீட்டர் உயர வேலிக்கு. வேலி இல்லாவிட்டால் விலங்கு தனக்குத் தோன்றிய இடத்தில்தான் கடக்கும். வேலியின் அடிப்பகுதியை மண்ணுக்குள் மடித்துப் புதைக்காவிட்டால் தோண்டி நுழையும். வேலி முடியும் இடத்தில் அடிபடுவது கூடும். பழக வருடக்கணக்கில் ஆகும், கிரிஸ்லி கரடிகள் நாலைந்தாண்டு எடுத்துக்கொண்டன. ஆகவே முதலாண்டுக் கேமராப் படங்களைப் பார்த்து வீண்செலவு என்று கையெழுத்திடக் கூடாது. இந்தியாவில் கன்ஹா, பெஞ்ச் காடுகளுக்கு இடையே நெடுஞ்சாலை 44ஐத் தூண்கள்மேல் உயர்த்திய இடங்களில் புலிகள் அடியில் கடந்திருக்கின்றன. அடிப்பாதையில் அடிக்கடி நடக்கும் தவறுகள் சின்னச் சின்னவை: நுழைவாயில் எதிரே விளக்குக் கம்பம், மழைநீர் தேங்கும் சிமெண்ட் தரை, உள்ளே நிறுத்திய வண்டிகள், குறுக்குவழியாகப் பயன்படுத்தும் மனிதர்கள்.

மரத்திலேயே வாழும் குரங்குக்குத் தரைப்பாலத்தால் பயனில்லை. அதற்குச் சாலைக்கு மேலே கிளைகள் கைகோக்க வேண்டும். மரத்தை வெட்டிய பிறகு கயிற்றுப்பாலம் கட்டலாம், வெட்டாமலே விட்டால் கயிறு மக்கிப்போகும் கவலை இல்லை.

துண்டுகளை இணைக்க நடும் வழித்தடத்துக்கு முன்பு போட்ட கணக்கே பொருந்தும். 200 மீட்டருக்கும் குறைந்த வழித்தடம் முழுக்க ஓரம். ஓரத்துக்கு அஞ்சாத விலங்குகள் அதில் போகும், அஞ்சுபவை போகா. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். அதோடு, துண்டுகளுக்கு நடுவே இருக்கும் நிலம் எப்படிப்பட்டது என்பது வழித்தடத்தைவிடப் பெரிய விஷயம். நிழல்மரம் விட்ட காபித் தோட்டத்தைக் கடக்கும் பறவை, மொட்டை மேய்ச்சல் நிலத்தைக் கடக்காது.

இதற்கும் மனௌஸில்தான் சான்று. மாட்டுப் பண்ணைகள் பல நட்டத்தில் கைவிடப்பட்டன, வெட்டிய இடத்தில் காடு தானாக எழுந்தது. வெட்டிவிட்டு எரிக்காமல் போட்டிருந்த இடங்களில் செக்ரோப்பியா மரங்கள் நெடுநெடுவென்று வளர்ந்து நிழல் கூட்டின. அதன் கீழே பிற இனங்களின் கன்றுகள் வந்தன. துண்டை விட்டுப் போயிருந்த பறவைகளில் பல சில ஆண்டுகளில் அந்த இளங்காட்டின் வழியே திரும்பின. ஆண்டுதோறும் எரித்து மேய்த்த இடங்களில் விஸ்மியா என்ற மரம் மட்டும் பிடித்துக்கொண்டது. எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்கும், தன்னைத் தவிர வேறெதையும் எளிதில் விடாது. பல ஆண்டு கழித்தும் அங்கே விஸ்மியாவே. பெரிய கம்பெனி மாதிரி நாற்றங்கால் போட்டு லட்சக்கணக்கில் கன்று நடுவதற்கு முன், பழைய வண்டிப்பாதையின் இறுகிய மண்ணைக் கிளறிவிட்டு, நுழைவாயிலை மறித்து, துண்டைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டி, முதல் சில கோடைகளுக்கு நெருப்பு உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை. ஓரத்தில் புதர் எழுந்து திரைபோல் மூடிக்கொள்ளும். மறுபடி ஒருமுறை எரிந்தால் அந்தத் திரை போய்விடும், ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து.